சென்னை – துபாய் விமானப் பயணம்: தூரமும் நேரமும் குறித்து வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆர்க்காட்டின் இந்தப் பகுதி இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்து நிற்கிறது. மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் வளைகுடாவில் வேலை பார்ப்பவர் ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. அவர்களுக்குப் பயணச்சீட்டு எடுத்துத் தரும்போதும், வழியனுப்பும் வீட்டாரிடம் பேசும்போதும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

தூரங்கள் அனைத்தும் இரு விமான நிலையங்களுக்கு இடையில் புவிப்பரப்பின் மீது அளக்கப்படும் மிகக் குறுகிய தூரங்கள். பத்து கிலோமீட்டர் முன்பின் இருக்கலாம். நேரங்கள் அட்டவணைகளில் வழக்கமாகக் காணப்படும் அளவுகள். நிறுவனமும் பருவமும் மாறினால் சில நிமிடங்கள் மாறும்.

சென்னையிலிருந்து துபாய்க்கு எத்தனை கிலோமீட்டர்?

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து துபாய் பன்னாட்டு விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 2,930 கி.மீ. விமானம் இந்தக் கோட்டை அப்படியே பிடித்துக்கொண்டு பறப்பதில்லை. புறப்படும் திசை, இறங்கும் திசை, வான்வழிக் கட்டுப்பாட்டாளர் காட்டும் பாதை ஆகியவற்றைப் பொறுத்து உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

ஒரு இடத்தில் 2,930 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 1,820, வேறொன்றில் 1,580. எது சரி?

மூன்றும் சரிதான், அளவுகோல்தான் வேறு. 2,930 என்பது கிலோமீட்டர். 1,820 என்பது நாம் சாலையில் பழகிய மைல். 1,580 என்பது விமானமும் கப்பலும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானி பேசுவது கடல் மைலில் என்பதால் சில தளங்கள் அதையே தருகின்றன. எண்ணைப் பார்க்கும்போது அருகில் எந்த அலகு எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

போக எத்தனை மணி நேரம் ஆகும், வர எத்தனை மணி நேரம்?

நேரடி விமானத்தில் சென்னையிலிருந்து துபாய் செல்ல 4 மணி நேரம் முதல் 4¼ மணி நேரம் வரை ஆகும். துபாயிலிருந்து சென்னை வர 3¾ மணி முதல் 4 மணி நேரம் வரை ஆகும். வருவது ஏன் சற்று விரைவு என்பதற்கான விடை காற்றைப் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது என்கிறார்களே? கணக்குப் போட்டால் மூன்றேகால் மணி நேரம்தானே வருகிறது?

கணக்கு சரி, ஆனால் அந்த வேகம் பயணம் முழுவதற்கும் உரியதன்று. பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தை எட்டிய பிறகுதான் விமானம் மணிக்கு 830 முதல் 900 கி.மீ. வரையிலான வேகத்தில் பறக்கிறது. அந்த உயரத்துக்கு ஏற ஏறக்குறைய இருபது முதல் இருபத்தைந்து நிமிடமும், அங்கிருந்து இறங்க அரை மணி நேரமும் ஆகின்றன. அந்த இரண்டு நேரங்களிலும் வேகம் குறைவு.

அதைவிட முக்கியமானது, பயணச்சீட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டுமன்று என்பது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து, மறுமுனையில் தன் நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் கணம் வரைக்குமான நேரம் அது. சென்னையில் ஓடுபாதைக்கு ஊர்ந்து சென்று முறைக்குக் காத்திருப்பது, துபாயில் இறங்குவதற்கு வானத்திலேயே வரிசையில் நிற்பது, இறங்கிய பின் மீண்டும் ஊர்ந்து செல்வது எல்லாம் அதற்குள் அடக்கம். உலகில் பன்னாட்டுப் பயணிகள் மிகுதியாக வந்துபோகும் விமான நிலையங்களில் துபாய் முன்வரிசையில் இருப்பதால் அந்த வானவரிசையைத் தவிர்ப்பது கடினம். நிறுவனங்களும் தாமதப் பெயர் வாங்காதிருக்கச் சில நிமிடங்களைக் கூட்டியே அட்டவணை போடுகின்றன. சில நாள்களில் விமானம் முன்னதாகவே வந்து சேர்வது இதனால்தான்.

காலை 9:30க்குக் கிளம்பி 12:10க்குப் போய்ச் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. அப்படியானால் இரண்டே முக்கால் மணி நேரம்கூட இல்லையே?

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகிறது. துபாய்க் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே 2 மணி 40 நிமிடத்துடன் 1 மணி 30 நிமிடத்தைக் கூட்ட வேண்டும்; 4 மணி 10 நிமிடம் வரும். அதுவே உண்மையான பயண நேரம்.

இந்த ஒன்றரை மணி ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைப்பதுபோல அமீரகத்திலும் செய்வதில்லை, நாமும் செய்வதில்லை.

அப்படியானால் திரும்பி வருவது ஐந்தரை மணி நேரம் போலத் தெரிகிறதே?

அதே காரணம், எதிர்த்திசையில். துபாயில் அதிகாலை 2:45க்குப் புறப்பட்டுச் சென்னைக்குக் காலை 8:10க்கு வரும் என்று இருந்தால், வித்தியாசமான 5 மணி 25 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணியைக் கழிக்க வேண்டும். 3 மணி 55 நிமிடம். போகும்போது கூட்டு, வரும்போது கழி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தம்பி, என் மகன் அங்கே இறங்கி எத்தனை மணிக்கு எனக்குப் போன் பண்ணுவான்?

அம்மா, சீட்டில் உள்ள சேரும் நேரத்துடன் ஒன்றரை மணியைக் கூட்டினால் நம் ஊர் நேரம் கிடைக்கும். 12:10 என்றால் இங்கே பிற்பகல் 1:40. அதன்பின் குடியேற்றச் சோதனை, பெட்டி வரும் இடம், வெளியே வருதல் ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். இரண்டே முக்கால் மணிக்கு முன் அழைப்பு வரவில்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை.

துபாய் விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு. ஆனால் அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பும் காணொளி அழைப்பும் பொதுவாக இயங்குவதில்லை. எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் வரும். ஆதலால் முதலில் வருவது அழைப்பாக இல்லாமல் ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்ற ஒரு வரியாக இருக்கலாம். அதை எதிர்பார்த்திருங்கள்.

நம்ம வேலூரிலிருந்து நேராக அளந்தால் துபாய் எவ்வளவு தூரம்?

ஏறத்தாழ 2,840 கி.மீ. அதாவது துபாய்க்கு நாம் சென்னையைவிட 90 கி.மீ. அருகில் இருக்கிறோம். ஆனால் விமானம் ஏறுவதற்காக 130 கி.மீ. கிழக்கே சென்று, அங்கிருந்து மேற்கு நோக்கித் திரும்பிப் பறக்கிறோம். சாலையில் மூன்று மணி நேரம் செலவிட்டுக் கடந்த அகலத்தை விமானம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்பக் கடந்துவிடும். இதைச் சொன்னால் சிரிக்காதவர் குறைவு. ஆனாலும் வேறு வழி இப்போதைக்கு இல்லை.

வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

என் பார்வையில், தூரத்தைவிடவும் பறக்கும் நேரத்தைவிடவும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். அதன்பின் வந்து கெஞ்சிப் பயனில்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு வழங்கப்படும் ஈ.சி.ஆர். கடவுச்சீட்டில் வேலைக்குச் செல்பவர்களுக்குக் குடியேற்ற அனுமதியையும் சரிபார்ப்பார்கள். அவர்கள் அந்த மூன்று மணியில் ஒரு நிமிடத்தையும் குறைத்துக்கொள்ளக் கூடாது.

வேலூரிலிருந்து மீனம்பாக்கத்துக்குக் காரில் சாதாரணமாக இரண்டே முக்கால் முதல் மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் வாலாஜாபேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையில் ஆறு வழிச்சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்ட பகுதி, சென்னசமுத்திரம், நெமிலி சுங்கச்சாவடிகள், ஷிப்ட் மாறும் வேளையில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் சேரும் நிறுவனப் பேருந்துகள் ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது நல்லது. அதன்படி அதிகாலை 4 மணி விமானத்துக்கு முந்தைய இரவு 9 மணிக்கே வேலூரை விட்டுவிட வேண்டும். அந்த விமானம் துபாய் நேரம் காலை 6:40க்குச் சேரும். பெட்டியுடன் வெளியே வரும்போது அங்கே ஏறக்குறைய 7:45, இங்கே 9:15. ஆக, நான்கு மணி நேர விமானப் பயணம் என்பது வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் பன்னிரண்டு மணி நேரம்.

டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:45 என்று போட்டிருக்கிறது. எந்த நாள் கிளம்புவது?

14ஆம் தேதி மாலை. 00:45 என்பது 14ஆம் தேதி நள்ளிரவு கடந்து முக்கால் மணி நேரம் ஆன பொழுது. நம் பேச்சில் அது இன்னும் ‘14ஆம் தேதி இரவு’தான், ஆனால் நாட்காட்டியில் 15 ஆகிவிட்டது. வளைகுடா விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் புறப்படுவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. 15ஆம் தேதி இரவு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும்.

முந்தைய விடையின் கணக்கை இங்கே பொருத்தினால், 14ஆம் தேதி இரவு 9:45க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். மாலை 5:45க்கு வேலூரிலிருந்து புறப்பட வேண்டும். வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ‘14, மாலை’ என்று எழுதி ஒட்டிவைக்கச் சொல்வது என் வழக்கம்.

காட்பாடியிலிருந்து ரயிலில் போனால் நேரம் மிச்சமாகுமா?

பகல் விமானம் என்றால் ஆகும். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் 130 கி.மீ.; விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம் அல்லது சற்றுக் குறைவு. சென்ட்ரலிலிருந்து மெட்ரோவின் நீல வழித்தடம் இறங்கி மாறாமல் விமான நிலையத்துக்கே கொண்டுசெல்கிறது; முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். மெட்ரோ வேண்டாம் என்பவர்கள் எதிரிலுள்ள பூங்கா நிலையத்திலிருந்து தாம்பரம் பக்கம் செல்லும் மின்சார ரயிலில் ஏறித் திரிசூலத்தில் இறங்கலாம்.

நள்ளிரவு, அதிகாலை விமானங்களுக்கு இது உதவாது. மெட்ரோ இரவு பதினொரு மணியளவில் நின்று, விடியற்காலை ஐந்து மணியளவில்தான் மீண்டும் தொடங்குகிறது. முப்பது கிலோ பெட்டிகள் இரண்டைப் படிகளில் தூக்கிச் செல்லும் சிரமத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம். எங்களுக்கு பெங்களூர்தானே கிட்ட?

வானத்தில் பார்த்தால் பெங்களூர் நிச்சயம் அருகில்தான்: அங்கிருந்து துபாய் 2,695 கி.மீ. மட்டுமே. சென்னையைவிட ஏறக்குறைய 235 கி.மீ. குறைவு; நேரத்தில் கால் மணி நேரம் மிச்சம். ஆனால் சாலையில் பார்த்தால் கதை வேறு. பெங்களூர் விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஒசூர் வழியாகச் செல்பவர்கள் நகரைக் கடந்தோ சுற்றியோதான் அங்கே போக வேண்டும். வானத்தில் மிச்சமான பதினைந்து நிமிடம் பெங்களூர்ப் போக்குவரத்து விளக்குகளில் எளிதில் கரைந்துவிடும்.

வேலூருக்கும் அதற்குக் கிழக்கேயும் சென்னைதான் தகுந்தது. ஆம்பூரிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 180 கி.மீ.; பெங்களூர் நிலையமும் பெருமளவில் அதே வரிசையில்தான் வரும். எனவே அங்கே கட்டணமும் புறப்படும் வேளையும் பார்த்து முடிவு செய்யலாம். வாணியம்பாடி, திருப்பத்தூர், நாட்றம்பள்ளிக்காரர்களுக்குப் பெங்களூர் பக்கம் தராசு சாயும். ஹொசகோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை அமைந்துவரும் விரைவுச்சாலை முழுவதும் திறக்கப்பட்டால் இந்த விடையைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

பெரிய விமானம் சீக்கிரம் போகுமா?

சற்று. நீள்தூரப் பயணத்துக்கான போயிங் 777 போன்றவை மணிக்கு ஏறக்குறைய 890 கி.மீ. வேகத்திலும், ஒற்றை நடைபாதை கொண்ட ஏர்பஸ் 320, போயிங் 737 போன்றவை 830 கி.மீ. வேகத்திலும் பறக்கின்றன. இந்தத் தூரத்துக்கு வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை; கால் நீட்டும் வசதி, எடை அனுமதி ஆகியவற்றுக்காகக் கொடுத்தால் அது வேறு.

போவதைவிட வருவது ஏன் சீக்கிரம்? பூமி சுற்றுவதாலா?

பூமி சுற்றுவதால் அன்று. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுற்றுகிறது. அந்தக் காற்றுக்குள்தான் விமானமும் பறக்கிறது. பூமியின் சுழற்சி நேரடியாகக் கணக்கில் வருமானால், மேற்கே செல்லும் விமானமே விரைந்து சேர வேண்டும். நடப்பது அதற்கு நேர்மாறு.

காரணம் மேல்வானக் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், வட இந்தியாவும் வளைகுடாவும் அமைந்த அகலாங்கில், குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக மணிக்கு 100 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. ஜெட் காற்று என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். துபாய் செல்லும் விமானம், குறிப்பாகப் பயணத்தின் பிற்பாதியில், எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவர்போல அதைத் தள்ளிக்கொண்டு செல்கிறது. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து உந்துகிறது. எனவே டிசம்பர் முதல் மார்ச் வரை இரு திசைகளுக்கும் உள்ள வித்தியாசம் மிகுதியாகத் தெரியும்.

ஜூலையில் போனபோது அப்படி ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்த மேலைக் காற்றோட்டம் இமயத்துக்கு வடக்கே விலகிவிடுகிறது. அதே வேளையில் தென்னிந்தியாவின் மீது மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வேறொரு காற்றோட்டம் உருவாகிறது. வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டம் எனப்படும் இதனை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். அதன் மையம் விமானம் பறக்கும் உயரத்தைவிட மேலே, பதினான்கு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தாலும், அதன் செல்வாக்கு கீழேயும் உண்டு.

ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையிலிருந்து மேற்கே செல்லும் விமானத்துக்குப் பயணத்தின் முற்பாதியில் காற்று துணையாகவே இருக்கும். முந்தைய விடையில் சொன்ன, போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் இடையிலான வித்தியாசம் அப்போது சுருங்கும். சில நாள்களில் மறையும்.

விமானத்திலுள்ள வரைபடத்தில் பார்த்தால் மும்பைப் பக்கம் போகிறதே, நேராக மேற்கே போகாதா?

துபாய் நமக்கு நேர் மேற்கே இல்லை. சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது, துபாய் 25 பாகையில். மிகக் குறுகிய கோடு சென்னையிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, ஆந்திர எல்லையையும் கர்நாடகத்தையும் கடந்து, மகாராட்டிரக் கரையில் ரத்னகிரியை ஒட்டி அரபிக் கடலில் இறங்கி, மஸ்கட்டுக்குச் சற்று வடக்கே ஓமன் கரையைத் தொட்டுத் துபாய்க்குச் செல்கிறது.

அந்தப் பாதையில் பாகிஸ்தான் நிலப்பரப்பு வருவதில்லை. 2025 ஏப்ரல் இறுதியில் அந்நாடு தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டில்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் பல சுற்றிச் செல்ல நேர்ந்தது. சென்னை – துபாய் பயணிகளுக்கு அதனால் பெரிய மாற்றம் இல்லை.

மும்பை வழி, கொழும்பு வழி டிக்கெட் மலிவாக இருக்கிறது. எவ்வளவு சுற்று?

மும்பை வழியாகச் சென்றால் சென்னை – மும்பை 1,035 கி.மீ., மும்பை – துபாய் 1,925 கி.மீ., ஆக 2,960. நேர்வழியைவிட 30 கி.மீ. மட்டுமே கூடுதல்! தூரத்தில் சுற்றே இல்லை. ஆனால் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் ஏறுவதில் குறைந்தது மூன்று மணி நேரம் கூடும்.

கொழும்பு வழி உண்மையிலேயே சுற்று. தெற்கே 645 கி.மீ. சென்று அங்கிருந்து துபாய்க்கு 3,290 கி.மீ. பறக்க வேண்டும், ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் அதிகம். எந்த வழியானாலும் இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில் உள்ளனவா என்று பாருங்கள். தனித்தனிச் சீட்டாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

துபாய் சரி பாய், மஸ்கட், தோஹா, குவைத், ஜித்தா எல்லாம்?

சென்னையிலிருந்து மஸ்கட் 2,590 கி.மீ., தோஹா 3,290, குவைத் 3,780, ஜித்தா 4,445. நேரடி விமானம் இருக்கும் நாளில் மஸ்கட்டுக்கு மூன்றரை மணி முதல் மூன்றே முக்கால் மணி நேரமும், ஜித்தாவுக்கு ஆறு மணி நேரத்தை ஒட்டியும் ஆகும், மற்றவை இடையில்.

கடிகாரத்தில்தான் கவனம் தேவை. ஓமன் துபாயைப் போலவே ஒன்றரை மணி பின். கத்தார், குவைத், பஹ்ரைன், சவூதி அரேபியா ஆகியவை இரண்டரை மணி பின். மேலே சொன்ன கூட்டல் கழித்தலை அந்த நாடுகளுக்கு இரண்டரையால் செய்யுங்கள்.

மச்சான் ஷார்ஜாவில் இருக்கிறார். துபாய்க்கு எடுப்பதா, ஷார்ஜாவுக்கு எடுப்பதா?

இரண்டு விமான நிலையங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. சென்னையிலிருந்து தூரமும் நேரமும் ஒன்றே. கட்டணம் எதில் குறைவோ அதை எடுக்கலாம். அபுதாபி அப்படியன்று, அங்கே இறங்கினால் துபாய்க்குச் சாலையில் ஒன்றரை மணி நேரம் ஆகும். துபாய் என்றே எடுத்தாலும் எந்த முனையம் என்று பார்த்து மச்சானிடம் சொல்லிவிடுங்கள்: இரண்டாம் முனையம் மற்ற இரண்டிலிருந்து ஓடுபாதைக்கு மறுபுறம் இருக்கிறது, தவறான வாசலில் காத்திருந்தால் அரை மணி நேரம் வீண்.

எந்த மாதத்தில் தாமதம் அதிகம்?

சென்னையில் நவம்பரும் டிசம்பரும் கவனிக்க வேண்டியவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதை மூழ்கி விமான நிலையம் பல நாள்கள் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போதும் சேவை நிறுத்தப்பட்டது. பொங்கலுக்கு முந்தைய விடியற்காலையும் உண்டு: பனியுடன் போகிப் புகை சேர்ந்து 2018இல் பல விமானங்களைத் தாமதப்படுத்தியது. போகியன்று காலை விமானம் வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

துபாய்ப் பக்கம் குளிர்கால அதிகாலை மூடுபனி வழக்கமான தொல்லை. மழை அரிது, ஆனால் 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த பெருமழை அந்த விமான நிலையத்தையே சில நாள்கள் நிலைகுலையச் செய்தது.

வேலூரிலேயே ஏர்போர்ட் இருக்கிறதே, அங்கிருந்து துபாய்க்கு எப்போது விடுவார்கள்?

அப்துல்லாபுரத்தில் உள்ள ஓடுதளம், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ், இருபது பேர் அளவில் ஏற்றிச் செல்லும் சிறு விமானங்களை மனத்தில் கொண்டு மேம்படுத்தப்பட்டது. அத்தகைய விமானத்தால் 2,840 கி.மீ. ஒரே மூச்சில் பறக்க இயலாது. குடியேற்றம், சுங்கம் போன்ற பன்னாட்டு ஏற்பாடுகளும் அங்கே இல்லை. நமக்கு உண்மையில் பயன்படக்கூடியது, சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்காக 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர். அது காஞ்சிபுரம் பக்கம் இருப்பதால் நம் சாலைப் பயணம் ஏறக்குறைய பாதியாகும். நிலம் இழக்கும் ஏகனாபுரம் போன்ற ஊர்களின் எதிர்ப்பு நெடுங்காலமாக நீடிப்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது.

நோன்பு வைத்துக்கொண்டு போகிறேன். எந்த ஊர் மக்ரிபுக்கு நோன்பு திறப்பது?

மார்க்கச் சட்டத்தை உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்திலிருந்து காணும் சூரியனையே கொள்ள வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சூரியன் என்ன செய்யும் என்பதை மட்டும் நான் சொல்லலாம். மேற்கே செல்லும் விமானம் சூரியனைத் துரத்திக்கொண்டு செல்கிறது. இந்த அகலாங்கில் பூமியின் மேற்பரப்பு மணிக்கு 1,570 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது, விமானம் மேற்கு நோக்கி அதில் ஏறக்குறைய பாதி வேகத்தில் நகர்கிறது. ஆகவே சூரியன் இறங்கும் வேகம் பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் தொடுவானம் தாழ்ந்திருப்பதால் மேலும் பத்துப் பதினைந்து நிமிடம் சூரியன் தெரியும். மாலை நான்கரை மணிக்குச் சென்னையில் புறப்பட்டால், வேலூரில் நோன்பு திறந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகே உங்களுக்குச் சூரியன் மறையும்.

அப்போ துபாயிலிருந்து ராத்திரி கிளம்பினால் சஹர் நேரம்?

அங்கே இது தலைகீழாகும். கிழக்கே வரும் விமானம் விடியலை எதிர்கொண்டு செல்கிறது. இரவு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு வேகமாகக் கழியும். முன்பு எடுத்துக்காட்டிய 2:45 விமானத்தையே கொள்வோம். துபாய்த் தொழுகை அட்டவணையில் பஜ்ர் (விடியல் தொழுகை, நோன்பு தொடங்கும் வேளை) ஐந்து மணி என்று இருந்தாலும், விமானத்தில் துபாய் நேரம் நாலேகால் மணியளவிலேயே கிழக்கே வெளிச்சம் தெரியத் தொடங்கிவிடும். உயரத்தின் காரணமாக அது இன்னும் சற்று முந்தும்.

எனவே துபாய் அட்டவணையை நம்பி ஐந்து மணி வரை உணவுத் தட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். புறப்பட்டு அரை மணி நேரத்துக்குள் பணியாளரிடம் சொல்லிச் சாப்பிட்டுவிடுங்கள். சில விமானங்களில் உணவுப் பரிமாறல் தாமதமாகத் தொடங்குவதால், நிலையத்திலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுவது இன்னும் பாதுகாப்பு.